மணிக்கட்டிலிருந்து எண்ணுங்கள்: ஆட்டுக்காலையும் நம் கையையும் எலும்பு எலும்பாக ஒப்பிடும் வழி

கறிக்கடையில் ஆட்டுக்கால் கேட்டால், நாம் ஒன்றும் சொல்லாமலேயே நாலைந்து துண்டாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்த வேலைக்கு அந்த வெட்டு ஆகாது. கத்தி இறங்குவதற்கு முன் "பாய், வெட்டாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரு அல்சூரில் பி.யூ.சி. படிக்கும் பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுக்கிறேன். மனித உடம்பில் 206 எலும்பு, அதில் இரண்டு கையிலும் இரண்டு பாதத்திலும் மட்டுமே 106 என்று எல்லாரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். தெருவில் நிற்கிற ஆட்டின் மணிக்கட்டைக் காட்டு என்றால், குளம்புக்கு மேலே கைகாட்டுவார்கள். அது விரல். மணிக்கட்டு அதற்கு ஒரு சாண் மேலே, எல்லாரும் "முன்னங்கால் முட்டி" என்று சொல்கிற இடத்தில் இருக்கிறது.

பாலூட்டிகளின் கைகால் எலும்புகளை ஒப்பிடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குளம்பையும் நகத்தையும் பார்த்து நுனியிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். நுனிதான் விலங்குக்கு விலங்கு அதிகம் மாறியிருக்கிற பகுதி. முதலில் மணிக்கட்டையோ குதிகாலையோ கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்கினால் எந்த விலங்கும் நம்மைக் குழப்பாது. கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இதையே செய்யப் போகிறோம்.

தேவையானவை: உங்கள் கை, உங்கள் பாதம், வெட்டாத ஆட்டுக்கால் ஒரு செட், கிடைத்தால் ஒரு பன்றிக்கால், உங்களோடு பழகிய உயிருள்ள நாய் ஒன்று, கறுப்புத் துணி, பென்சில், ஒரு ஆக்சா பிளேடு. வீட்டில் கறி புழங்காதவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும் நாயையும் வைத்தே பாதிக்கு மேல் பார்த்துவிடலாம். மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படித்தான் ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் கையுறையைப் போட்டுக்கொண்டு எலும்பை அடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

படி 1: உங்கள் கையை எண்ணுங்கள்

நெட்டி முறிக்கிற இடங்களிலிருந்து தொடங்குவது சுலபம். ஆள்காட்டி விரலில் நெட்டி விழும் இடம் மூன்று. மூன்றாவது இடம், அதாவது குத்துவிடும்போது தெரிகிற முட்டி, விரலின் அடி. அதற்குப் பின்னால் புறங்கையில் தடவிப் பார்த்தால் ஒரு நீளமான எலும்பு மணிக்கட்டு வரை ஓடும். அது அங்கை எலும்பு; பாடப்புத்தகம் மெட்டாகார்பல் என்று சொல்லும். ஒரு கையில் இப்படி ஐந்து. விரல் எலும்புகள் கட்டைவிரலில் இரண்டு, மற்ற நான்கிலும் மூன்று மூன்று, ஆக 14. மணிக்கட்டில் எட்டு. மொத்தம் 27.

மணிக்கட்டின் எட்டும் இரண்டு வரிசையாக, வரிசைக்கு நாலாக இருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டை மட்டும் மனதில் வையுங்கள். முதலாவது பட்டாணி எலும்பு. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டைச் சற்று உள்பக்கமாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தில் உள்ளங்கை தொடங்குகிற ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பட்டாணி அளவில் ஒன்று லேசாக அசையும். இரண்டாவது, கீழ் வரிசையில் சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கிற கொக்கி எலும்பு. மோதிரவிரல், சுண்டுவிரல் இரண்டின் அங்கை எலும்புகளையும் அது ஒன்றே தாங்குகிறது. அதற்கு அடுத்து இருக்கிற பெரிய எலும்பு நடுவிரலுடையதைத் தாங்குகிறது. நாலாவது படியில் கொக்கி எலும்பும் இந்தப் பெரிய எலும்பும்தான் நமக்குச் சாட்சி சொல்லப் போகின்றன.

எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துப் பார்க்கிறவர்கள் அது யாருடைய கை என்று முதலில் விசாரிக்க வேண்டும். என் அண்ணன் மகன் நான்கு வயதில் மாடிப்படியில் விழுந்தபோது எடுத்த ஃபிலிம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மணிக்கட்டில் நாலு புள்ளிகள்தான் தெரியும். மற்ற நாலும் அப்போது குருத்தெலும்பாக இருந்தன. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. எட்டும் ஒவ்வொன்றாக எலும்பாகி, பட்டாணி எலும்பு கடைசியாகப் பள்ளிப் பருவத்தில்தான் தலைகாட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயதைக் கணிக்க மருத்துவர்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான்.

பாதத்துக்கும் இதே கணக்குதான், ஒன்று குறைவு: கணுவில் ஏழு, பாத எலும்பு ஐந்து, விரலில் 14, மொத்தம் 26. கணுவின் ஏழில் பெரியது குதிகால் எலும்பு. அதன்மேல் உட்கார்ந்து கீழ்க்காலைத் தாங்குவது தாலஸ். தாலஸ் என்ற பெயரை மறக்க வேண்டாம், பின்னால் அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

இன்னொரு சின்னச் சோதனை. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைத் தட்டச்சு அடிப்பது போல ஆட்டுங்கள். அசைவு எங்கே தெரிகிறது? முழங்கைக்குக் கீழே. விரலை இழுக்கிற பெரிய தசைகள் மேலே இருக்கின்றன, விரலுக்கு வருவது அவற்றின் நாண்கள்தான். ஆட்டுக்காலில் கறி இல்லாமல் வெறும் நாணும் பசையுமாக இருப்பதன் காரணம் இதுவே. பாயாவில் நாம் உறிஞ்சுவது ஒரு கையின் நாண்களை.

படி 2: கடையில் கேட்க வேண்டியது

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மற்ற பகுதிகளில் கன்னடத்தில் "முங்காலு", "ஹிங்காலு" என்று சொன்னால் போதும், முன்னங்கால், பின்னங்கால். இரண்டிலும் ஒவ்வொன்றாவது வேண்டும். வாங்கும்போதே வேறு வேறு பையில் போட்டு, நூலால் முடிச்சுப் போட்டுவிடுங்கள். முன்னதற்கு ஒரு முடிச்சு, பின்னதற்கு இரண்டு.

மூன்று விஷயம் சொல்ல வேண்டும். துண்டு போடக் கூடாது. வாட்டும்போது குளம்பு கருகும் அளவுக்குச் சுடக் கூடாது, நுனி எலும்பு வெந்து உடைந்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம்: கால் என்று விற்கிற துண்டில் பெரும்பாலும் மணிக்கட்டும் குதிகாலும் வராது, அவற்றுக்குக் கீழேயே கழித்துவிடுவார்கள். "முட்டிக்கு மேல நாலு விரக்கடை விட்டு வெட்டுங்க" என்று கேட்க வேண்டும். நான் முதல் தடவை இப்படிக் கேட்டபோது, "அது வேகாது டீச்சரம்மா, சூப்புக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். சூப்புக்கு மட்டும் இல்லை பாய் என்று விளக்கிச் சொன்ன பிறகு சுவாரசியமாகிவிட்டது. இப்போது நான் போனால் குதிகாலை ஒதுக்கி வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. சாலையில் அடிபட்ட குரங்கு, செத்துக் கிடக்கும் வௌவால் என்று எதையும் எடுத்து வந்து வேகவைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம். கறிக்கடை எலும்பே நமக்குப் போதும்.

படி 3: சூப்பும் சுத்தமும்

முதல் தடவை நாலு காலையும் ஒரே குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டேன். சூப் பிரமாதம். எலும்பு? அடியில் ஒரு குவியல். எது முன்கால், எது பின்கால், எது இடது, எது வலது என்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அதனால் ஒவ்வொரு காலையும் தனித்தனி மெல்லிய துணியில் கட்டுங்கள். குக்கர் வேண்டாம், அகலப் பாத்திரத்தில் சிறு தீயில் மூன்று நாலு மணி நேரம். அதிக அழுத்தத்தில் வெகுநேரம் வெந்தால் சின்னப் பிராணியின் எலும்பு பொருபொருத்துப் போகும். முதல் கொதியை மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் குடித்துவிடலாம், நான் குடிப்பேன். வெந்த பிறகு குளம்பை முறுக்கினால் தொப்பி போலக் கழன்று வரும். உள்ளே அதே வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு. குளம்பு என்பது நகம், உள்ளே இருப்பது விரலின் கடைசி எலும்பு. பழந்தமிழில் நகத்துக்கு உகிர் என்று பெயர். புலியின் உகிர், நம் நகம், ஆட்டின் குளம்பு மூன்றும் ஒரே சரக்கு.

பிறகு சதையை விரலாலேயே உரித்துவிட்டு, துணி துவைக்கும் தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். கொழுப்பு இறங்கிவிடும். (இதற்கான பாத்திரம் இனிமேல் சமையலுக்கு வராது. என் அம்மாவிடம் நான் வாங்கிய திட்டை நீங்கள் வாங்க வேண்டாம்.) வெள்ளையாக வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு நீர் சேர்த்து ஒரு நாள் வைக்கலாம், கையுறை போட்டுக்கொண்டு. பிளீச்சிங் பவுடர் கூடாது, எலும்பை அரித்துவிடும். நிழலில் காய வையுங்கள்.

படி 4: முன்னங்காலை அடுக்குவது

கறுப்புத் துணியை விரித்து, உங்கள் இடது கையை அதன்மேல் விரல்கள் கீழே பார்க்க வையுங்கள். பக்கத்தில் ஆட்டின் எலும்புகளை மேலிருந்து அடுக்கப் போகிறோம்.

மணிக்கட்டிலிருந்து ஆறு கூழாங்கற்கள் கிடைத்திருக்கும். மேல் வரிசையில் நாலு, கீழ் வரிசையில் இரண்டு. மேல் வரிசை நாலும் நம்முடைய நாலேதான். அதில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது பட்டாணி எலும்பு. கீழ் வரிசையில் நமக்கு நாலு, ஆட்டுக்கு இரண்டு. கட்டைவிரலைத் தாங்குவது இல்லை, தாங்க விரலே இல்லையே. ஆள்காட்டி விரலுடையதும் நடுவிரலுடையதும் ஒன்றாக ஒட்டிப்போயின. கொக்கி எலும்பு தனியாக இருக்கிறது.

அடுத்தது நீளமான குழல் எலும்பு, ஒன்றே ஒன்று. கால்நடை மருத்துவர்கள் கேனன் எலும்பு என்பார்கள். அதன் மேல் தலையைப் பாருங்கள். இரண்டு தளங்கள், நடுவே ஒரு மெல்லிய வரம்பு. ஒரு தளத்தில் நடுவிரல் பக்கத்துக் கல் உட்காரும், மறுதளத்தில் கொக்கி எலும்பு உட்காரும். அப்படியானால் இது நடுவிரலின் அங்கை எலும்பும் மோதிரவிரலின் அங்கை எலும்பும் ஒன்றாகச் சேர்ந்தது. முன்பக்கம் நகத்தால் கீறியது போல மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு ஓடும், அது தையல் வடு. கீழ் முனை கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இதை நம்பாத பையன் ஒருவன் இருந்தான். ஆக்சா பிளேடைக் கொடுத்து நடுவில் குறுக்கே அறுக்கச் சொன்னேன். பத்து நிமிடம் அறுத்தான். வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒரே குழலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, நடுவே காகிதம் போல ஒரு சுவர். இரட்டைக் குழல் துப்பாக்கியை அறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. முதிர்ந்த ஆட்டில் அந்தச் சுவர் கொஞ்சம் கரைந்திருக்கலாம், இளம் ஆட்டில் தெளிவாகத் தெரியும்.

கேனனுக்குக் கீழே இரண்டு விரல், விரலுக்கு மூன்று எலும்பு, ஆக ஆறு. அவற்றோடு எள்ளுரு எலும்புகள் என்று சொல்லப்படும் சின்னச் சின்ன மணிகள்: ஒவ்வொரு விரலின் அடியிலும் பின்பக்கம் இரண்டு, குளம்புக்குள்ளே ஒன்று. நாண் வளைந்து திரும்புகிற இடத்தில் கப்பி போல நிற்பவை. நம் முழங்கால் சில்லும் இந்த ஜாதிதான், அளவில் பெரியது. ஆக மணிக்கட்டுக்குக் கீழே கேனன் ஒன்று, விரல் எலும்பு ஆறு, எள்ளுரு ஆறு, மொத்தம் 13.

நான் எண்ணியபோது 19 வந்தது. கடையில் வேறு கால் கலந்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அந்த உபரி ஆறும் ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக இருந்தன. வளரும் எலும்பின் மூட்டுத் தொப்பிகள் அவை. கேனனின் கீழ் முனையில் இரண்டு, முதல் விரல் எலும்புகளின் தலையில் இரண்டு, இரண்டாவது எலும்புகளின் தலையில் இரண்டு. இளம் ஆட்டில் இவை குருத்தெலும்பால் ஒட்டியிருக்கும், வேகவைத்தால் கழன்றுவிடும். சுமார் இரண்டு வயதைத் தாண்டிய ஆட்டில் கேனன் தொப்பி எலும்போடு எலும்பாகிவிடும். கடையில் "இளம் குட்டிதான்" என்று சொல்லித் தந்தது உண்மையா என்று சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

படி 5: பின்னங்கால், அதன் தாலஸ்

பின்கால் கேனன் சற்று நீளம், குறுக்கு வெட்டில் ஏறக்குறையச் சதுரம். முன்கால் கேனன் முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் தட்டையாக இருக்கும். மேசைமேல் உருட்டினாலே வித்தியாசம் தெரியும். விரல்களில் பெரிய மாற்றம் இல்லை, அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கணுவுக்கு வாருங்கள். நமக்கு ஏழு, ஆட்டுக்கு ஐந்து. இங்கேயும் ஒட்டுவேலைதான்: பாதத்தின் நடுவில் நமக்குத் தனித்தனியாக இருக்கிற படகு எலும்பும் கனசதுர எலும்பும் ஆட்டில் ஒன்று. அதற்குக் கீழே ஆப்பு வடிவில் நமக்கு மூன்று, ஆட்டுக்கு இரண்டு. இவற்றோடு ஆறாவதாக ஒரு துக்கடா எலும்பு வந்திருக்கலாம். அது கணு எலும்பு அல்ல. நம் கீழ்க்காலில் வெளிப்பக்கமாக ஓடும் மெல்லிய எலும்பு ஆட்டில் தண்டு போய், கீழ் நுனி மட்டும் மிச்சமாகி நிற்கிறது. உங்கள் வெளிக்கணுவில் முண்டாக நிற்பதைத் தொட்டுப் பாருங்கள், அதன் உறவுதான்.

குதிகால் எலும்பை அடையாளம் காண்பது எளிது, பின்னால் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக்கு "முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது" என்று நாம் சொல்லும் இடம் இந்தக் குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து.

இப்போது தாலஸைக் கையில் எடுங்கள். உங்கள் தாலஸின் மேல்பக்கம் கப்பி போல இருக்கும், விரல் பக்கம் உருண்டைத் தலை. ஆட்டுத் தாலஸில் மேலேயும் கப்பி, கீழேயும் கப்பி. இரட்டைக் கப்பி என்பதால் கணு இரண்டு இடத்தில் மடங்கி, கால் ஸ்பிரிங் போல மடிந்து விரிகிறது. ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என்று இரட்டைக் குளம்பு வகையறா எல்லாவற்றுக்கும் இந்த முத்திரை உண்டு.

அந்த முத்திரைதான் திமிங்கிலத்தைக் காட்டிக்கொடுத்தது. திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் கிடையாது, ஆகவே அது யாருக்குச் சொந்தம் என்பதில் வெகுகாலம் சண்டை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த பழங்காலத் திமிங்கிலங்களின் கால் எலும்புகளைப் பற்றி ஃபிலிப் ஜிஞ்ஜரிச் குழுவும் ஹான்ஸ் தெவிசன் குழுவும் ஒரே வாரத்தில் தனித்தனியாக எழுதினார்கள். இரண்டிலும் தாலஸுக்கு மேலேயும் கப்பி, கீழேயும் கப்பி. டி.என்.ஏ. சோதனைக்காரர்கள் நீர்யானையோடு உறவு என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தது எலும்பிலும் நிரூபணமானது. 2007இல் தெவிசன் குழு இன்டோஹையஸ் என்ற சிறு விலங்கை விவரித்தது. அதன் எலும்புகள் ஜம்மு காஷ்மீரின் கலாகோட்டில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகளுக்குள் இருந்தன. மான்குட்டி போன்ற உடம்பு, தண்ணீரில் இறங்கிப் பழகிய விலங்கு, திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு.

கையில் இருப்பது சூப்பில் வெந்த எலும்புதான், ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் யாரும் சட்டென்று திருப்பித் தருவதில்லை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் இதையே தாயக்கட்டையாக உருட்டினார்கள். என் அம்மா ஐந்து தாலஸை எடுத்து அஞ்சாங்கல் ஆடிப் பார்த்துவிட்டு, "கூழாங்கல்லைவிட நல்லா நிக்குது" என்றார்.

படி 6: பன்றிக்கால், நடுப்படி

நம் கையிலிருந்து ஆட்டுக்காலுக்கு ஒரே தாவாகத் தாவுவது சிலருக்குக் கடினம். பன்றிக்கால் நடுவில் ஒரு படி போட்டுக் கொடுக்கும். மணிக்கட்டில் நம்மைப் போல எட்டு, கணுவிலும் நம்மைப் போல ஏழு. கட்டைவிரல் மட்டும் இல்லை. மீதி நாலு விரலில் நடு இரண்டும் தடிப்பாக நிலத்தில் ஊன்றுகின்றன, ஓரத்து இரண்டும் மெலிந்து அந்தரத்தில் தொங்குகின்றன. அங்கை எலும்புகள் நாலும் தனித்தனி, ஒட்டவில்லை. ஓரத்து இரண்டை மனதில் அழித்துவிட்டு, நடு இரண்டை ஒட்டிப் பாருங்கள், ஆடு வந்துவிடும். பன்றி சாப்பிடாத வீடென்றால் படம் வரைந்தே இதைச் செய்யலாம்.

படி 7: நாயின் காலைத் தடவிப் பார்ப்பது

பழகிய நாயாக இருக்கட்டும், தூங்கி எழுந்து சோம்பலாக இருக்கிற நேரமாகவும் இருக்கட்டும். முன்காலின் உள்பக்கம், தரையைத் தொடாமல் மேலே ஒரு நகம் நிற்கும். அதுதான் கட்டைவிரல். அதற்கு மேலே மூட்டின் பின்பக்கம் தனியாக ஒரு கறுப்பு மெத்தை இருக்கும், அதற்குள்ளே துருத்தி நிற்பது பட்டாணி எலும்பு. ஆக அந்த மூட்டு மணிக்கட்டு. நாய்க்கு மணிக்கட்டில் ஏழு. மேல் வரிசையில் கட்டைவிரல் பக்கத்து இரண்டும் சேர்ந்து ஒன்று. பூனைக்கும் அப்படியே. பின்காலில் பெரும்பாலும் நாலு விரல்தான், சில நாய்களுக்குத்தான் ஐந்தாவது நகம் தொங்கும்.

இங்கேயே நடையின் மூன்று வகையையும் சொல்லிவிடலாம். நாமும் கரடியும் உள்ளங்காலை முழுதாக ஊன்றுகிறோம். நாயும் பூனையும் குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றுகின்றன. ஆடும் மாடும் குதிரையும் நகத்தின்மேல் நிற்கின்றன, பாலே ஆடுபவர் நுனிவிரலில் நிற்பது போல. எழுந்து நின்று குதிகாலைத் தூக்குங்கள், நாய். நுனிநகத்தில் நிற்க முயன்று பாருங்கள், ஆடு. கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: குதிரை

எலும்பைத் தொட வாய்ப்பில்லை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் காலையில் போனால் பார்க்கவாவது செய்யலாம். மணிக்கட்டு எங்கே? முன்காலில் பாதி உயரத்தில், குதிரைக்காரர்களே "முட்டி" என்று சொல்கிற இடத்தில். அதற்குக் கீழே ஒற்றைக் கேனன். இது ஆட்டின் கேனன் மாதிரி ஒட்டியது அல்ல. நடுவிரலின் அங்கை எலும்பு ஒன்றேதான். இருபக்கமும் ஈர்க்குச்சி போல இரண்டு எலும்பு ஒட்டியிருக்கும், ஆள்காட்டி விரலுக்கும் மோதிரவிரலுக்கும் அங்கையில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். கீழே ஒரே விரல், ஒரே குளம்பு. குதிரை முழு உடம்பையும் நாலு நடுவிரல் நகத்தில் தூக்கி ஓடுகிறது.

ஆட்டையும் குதிரையையும் பிரிக்கும் விதி இதிலேயே இருக்கிறது. பாரம் இறங்கும் கோடு நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே போனால் இரட்டைக் குளம்பு வகை. நடுவிரலின் ஊடாகவே போனால் ஒற்றைப்படை வகை: குதிரை, மூன்று விரல் காண்டாமிருகம். குதிரையின் ஐந்தரைக் கோடி வருடத்துக்கு முந்தைய மூதாதையர்களுக்கு முன்காலில் நாலு விரலும் பின்காலில் மூன்றும் இருந்தன. அமெரிக்காவில் தொல்லுயிர் ஆய்வாளர் ஓ.சி. மார்ஷ் அந்தப் புதைபடிவங்களை வரிசையாகச் சேகரித்து வைத்திருந்தார். 1876இல் டார்வினின் ஆதரவாளரான ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி நேரில் போய்ப் பார்த்துவிட்டு, குதிரையைப் பற்றி அதுவரை தான் கொண்டிருந்த கருத்தையே மாற்றிக்கொண்டார்.

விரலைக் குறைத்ததால் என்ன லாபம்? ஊஞ்சல் பலகையில் கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். நுனியில் பாரம் இருந்தால் ஆட்டவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். ஓடுகிற விலங்குக்குக் கால் நுனி எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது. தசையை மேலே ஏற்று, விரலைக் குறை, மீதியை நீட்டு.

படி 9: தள்ளி நின்று பார்க்க வேண்டியவை

வௌவாலின் சிறகு என்று சொல்கிறோம், முழுக்கக் கை அது. மாலையில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து கிளம்பும்போது, சிறகின் முன்விளிம்பில் கொக்கி போல ஒன்று தெரியும். அது கட்டைவிரல். மற்ற நாலும் குடைக்கம்பி போல நீண்டு தோலைத் தாங்குகின்றன. குடையின் நீளத்தில் பெரும்பங்கு அங்கை எலும்பும் விரலும்தான். காலோ நேர்மாறு: சின்னது, ஐந்து விரலும் ஏறக்குறைய ஒரே அளவு. தலைகீழாகத் தொங்கும்போது உடம்பின் பாரமே நாணை இழுத்துப் பூட்டிக்கொள்கிறது, தூங்கினாலும் பிடி விடாது. ஒரே உடம்பில் கையும் காலும் இவ்வளவு தூரம் பிரிந்துபோனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தேவாங்கு பெங்களூருவிலேயே இருக்கிறது, இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில்கூட. அதன் கையில் ஆள்காட்டி விரல் மிகவும் குட்டை. கட்டைவிரலை ஒருபக்கமும் மற்ற விரல்களை எதிர்ப்பக்கமும் போட்டுக் கிளையை இடுக்கி போலப் பிடிப்பதற்கு நடுவில் அந்த விரல் தடங்கல். காலில் இரண்டாவது விரலில் மட்டும் நகத்துக்குப் பதில் கூர் உகிர், உடம்பைக் கோதிக்கொள்ள. எண்ணிக்கை மாறவே இல்லை, அளவுதான் மாறியிருக்கிறது. ஆகவே எண்ணினால் மட்டும் போதாது, நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

பன்னேர்கட்டாவில் யானையைப் பார்க்கப் போகிறவர்கள் தும்பிக்கையை ஒரு நிமிடம் மறந்துவிட்டு முன்காலைப் பாருங்கள். தமிழில் தும்பிக்கைக்குத்தான் கை என்று பெயர், சங்கப் பாட்டில் யானையே கைம்மா. அந்தக் கையில் ஒரு எலும்புகூடக் கிடையாது. எலும்புள்ள கை தரையில் தூணாக நிற்கிறது, ஐந்து விரலோடு. வெளியிலிருந்து பார்த்தால் தட்டைப் பாதம். உள்ளே விரல்கள் ஏறக்குறைய நுனியில் நிற்கின்றன, பின்னால் கொழுப்பு மெத்தை ஹைஹீல்ஸ் போல முட்டுக்கொடுக்கிறது. அந்த மெத்தைக்குள் ஆறாவது விரல் போல ஒரு எலும்பு பாரத்தைத் தாங்குவதை 2011இல் ஜான் ஹட்சின்சன் குழு விளக்கியது. முன்காலில் அது எள்ளுரு எலும்பு ஒன்றின் வளர்ச்சி. ராட்சத பாண்டாவும் அதே எலும்பை வளர்த்துத்தான் பொய்க் கட்டைவிரலாக்கி மூங்கிலைப் பிடிக்கிறது.

திமிங்கிலத்துக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். ஊருக்குப் போகிறபோது அந்த எலும்புக்கூட்டின் துடுப்பைப் பாருங்கள். தோள், குட்டையான மேல்கை, முன்கை, மணிக்கட்டு, பிறகு விரல்கள். விரலுக்கு மூன்று எலும்பு என்ற கணக்குத் திமிங்கிலத்தில் உடைகிறது. பைலட் திமிங்கிலத்தின் ஒரு விரலில் பத்துக்கு மேலும் போகும்.

1849இல் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் இந்தக் கைகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே அச்சு இருக்கிறது என்றார். அச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு 1859இல் டார்வின் சொன்ன பதில் எளிமையானது: ஒரே தாத்தா. ஓவனுக்கு அந்தப் பதில் கடைசிவரை பிடிக்கவில்லை.

படி 10: குறித்து வைப்பது

ஒவ்வொரு எலும்பிலும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். விலங்கு, முன் அல்லது பின், இடது அல்லது வலது, விரல் எண். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, ஆக ஆட்டின் விரல்கள் 3ம் 4ம். ஒட்டிய எலும்பில் 3+4 என்று கூட்டல் குறி போடுங்கள். இல்லாத விரலுக்கும் நோட்டில் ஒரு கட்டம் ஒதுக்கி, காலியாக விடுங்கள். பல அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும், மேலே இரண்டு கற்பூர வில்லை. எள்ளுரு மணிகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். என் வீட்டில் பெருக்கும்போது இரண்டு காணாமல் போய், மூன்று மாதம் கழித்து அரிசி டின்னுக்குப் பின்னால் கிடைத்தன.